கிரனாடாவில் இரவு: ஒரு கிளாஸுக்கு ஒரு தட்டு

ஸ்பெயினின் தெற்கே, ஆண்டலூசியா மாநிலத்தில், சியெரா நெவாடா மலையடிவாரத்தில் இருக்கும் பழைய ஊர் கிரனாடா. அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பார்ப்பதற்காகவே பெரும்பாலானவர்கள் வருகிறார்கள். நாளெல்லாம் நடந்த களைப்பில் ஏழு மணிக்கே ஏதாவது ஒரு உணவகத்தில் உட்கார்ந்து, படம் போட்ட மெனுவைக் காட்டி ஒரு பாயெல்யா (ஸ்பானிய அரிசிச் சாப்பாடு) வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகிறார்கள். ஊரின் பாதியை அவர்கள் பார்க்கவே இல்லை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. பாரில் பீரோ ஒயினோ குளிர்பானமோ வாங்கினால், கேட்காமலேயே கூடவே ஒரு சின்னத் தட்டில் சாப்பாடு வரும். அதற்குத் தனிக் காசு கிடையாது. இதுதான் தாப்பா. ஸ்பெயின் முழுக்கத் தாப்பா உண்டு என்றாலும், செவியா, பார்சலோனா போன்ற ஊர்களில் அதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கிரனாடாவிலும், பக்கத்து ஊர்களான ஹயேன், அல்மெரியாவிலும் இன்னும் இலவசம். இரண்டாவது கிளாஸ் வாங்கினால் இரண்டாவது தட்டு வரும், அது முதல் தட்டில் வந்ததாக இருக்காது. மூன்றாவதும் அப்படியே.

இந்த ஊரின் இரவு மொத்தமும் அந்தத் தட்டை வைத்துத்தான் நடக்கிறது. கொஞ்சமாகக் குடி, கொஞ்சமாகச் சாப்பிடு, எழுந்து அடுத்த கடைக்கு நட. ஓரிடத்தில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட நினைப்பவருக்கு இது பிடிபடாது.

முதலில் கடிகாரத்தை மாற்றுங்கள்

மதிய உணவு இங்கே இரண்டு மணிக்கு. நாலரைக்கு மேல் பல பார்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஐந்து, ஆறு மணிக்குப் போனால் பீர் கிடைக்கும், கூட வருவது ஆலிவ் காயோ உருளைக்கிழங்கு வறுவலோதான். எட்டரைக்கு மேல்தான் சமையலறை மறுபடி உயிர்பெறும். ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை நல்ல நேரம். எட்டரைக்கே போய்விட்டால் கூட்டம் சேர்வதற்குள் கவுன்டரில் இடம் பிடித்துவிடலாம். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஒன்பதரைக்கு மேல் பெயர் பெற்ற கடைகளில் கை நீட்டக்கூட இடம் இருக்காது.

ஆகவே மதியம் நன்றாகத் தூங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவிலும் திங்களன்றும் பல கடைகள் மூடியிருக்கும். ஆகஸ்டில் வெயில் தாங்காமல் உள்ளூர்க்காரர்கள் கடற்கரைக்குப் போய்விடுவதால், குடும்பமாக நடத்தும் சின்ன பார்கள் சில வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். ஊர் கிட்டத்தட்ட 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோடையிலும் நள்ளிரவுக்கு மேல் குளிரலாம். டிசம்பர், ஜனவரி என்றால் கனமான கோட்டு இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

பார் என்றதும் இருட்டாக, ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் இடத்தை நினைக்க வேண்டாம். காலையில் காபியும் தக்காளி தடவிய ரொட்டியும் விற்கும் அதே கடைதான் ராத்திரி பீர் ஊற்றுகிறது. பாட்டி, பேரன், தள்ளுவண்டியில் குழந்தை என்று குடும்பமே பத்து மணிக்கு நின்றுகொண்டிருக்கும். பெண்கள் தனியாக வந்து ஒரு கிளாஸ் ஒயினோடு நிற்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 18 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. 2011 முதல் கடைக்குள் புகைபிடிக்கவும் தடை, அதனால்தான் வாசலில் எப்போதும் ஒரு சின்னக் கூட்டம் நிற்கிறது.

கவுன்டரில் நிற்பது எப்படி

உள்ளே போனதும் யாரும் வரவேற்று மேசை காட்ட மாட்டார்கள். நேரே கவுன்டருக்குப் போங்கள். இரண்டு பேர் நடுவே ஓர் ஆள் இடம் இருந்தால் அதுதான் உங்கள் இடம், ‘பெர்தோன்’ (மன்னிக்கவும்) என்று சொல்லிவிட்டு நுழைந்துகொள்ளலாம். வரிசை என்று ஒன்று கிடையாது. ஆனால் யாருக்குப் பின் யார் வந்தார்கள் என்பது பார்காரருக்குத் தெரியும். கை தட்டாதீர்கள், விரலைச் சொடுக்காதீர்கள். கண்ணைப் பார்த்து லேசாகத் தலையசைத்தால் போதும்.

‘ஊனா கான்யா, போர் ஃபவோர்.’ கான்யா என்பது சின்ன கிளாஸ் பீர். கொஞ்சம் உயரமான கிளாஸில் வேண்டுமென்றால் தூபோ. பெரிய கிளாஸ் கேட்காதீர்கள்: பெரியதுக்கும் ஒரே தட்டு, சின்னதுக்கும் ஒரே தட்டு. சின்னதைக் கேட்டால் பீர் சூடாவதற்குள் குடித்து முடிக்கலாம், தட்டும் கூடும், தலையும் சுற்றாது. விலை கடைக்குக் கடை மாறும், பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்றரை யூரோவுக்குள் இருக்கும். நாலு கிளாஸ், நாலு தட்டு என்றால் ராத்திரிச் சாப்பாடே முடிந்துவிடும்.

நண்பர்களோடு போனால் எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். நீங்கள் எத்தனையாவது சுற்றில் இருக்கிறீர்கள் என்பதைப் பார்காரர் மனதிலேயே கணக்கு வைத்திருப்பார், அதற்கேற்ப அடுத்த தட்டு வரும். ஆளுக்கொரு நேரத்தில் கேட்டால் அவர் கணக்கும் குழம்பும், உங்கள் தட்டுகளும் குழம்பும். பொதுவாக எது வரும் என்பதை முடிவு செய்வது கடைதான். சில இடங்களில் பட்டியல் கொடுத்து நம்மையே தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அது வசதிதான், ஆனால் சமையற்காரர் தானாக அனுப்புகிற கடைகளில்தான் எனக்கு நல்ல சாப்பாடு கிடைத்திருக்கிறது. தட்டு வரத் தாமதமானால் பொறுங்கள். ‘எங்கே என் தாப்பா?’ என்று கேட்பது இங்கே நாகரிகமில்லை. உண்மையிலேயே மறந்துவிட்டார்கள் என்றால் சிரித்துக்கொண்டே நினைவூட்டலாம்.

காபிக்குத் தாப்பா கிடையாது. விஸ்கி, ஜின் போன்றவற்றுக்கும் எதிர்பார்க்காதீர்கள். மது குடிக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம், கோலா, எலுமிச்சைச் சோடா, ஆல்கஹால் இல்லாத பீர் எல்லாவற்றுக்கும் தட்டு உண்டு. கடைசியாகச் சொன்னதற்கு ‘ஊனா சின்’ என்றால் போதும். கூச்சமே வேண்டாம், உள்ளூர்க்காரர்களே நிறைய பேர் அதைத்தான் குடிக்கிறார்கள்.

காசை ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டியதில்லை. கிளம்பும்போது ‘லா குயென்தா’ என்றால் மொத்தமாகச் சொல்வார்கள். சில்லறை மிச்சம் இருந்தால் விட்டுவிட்டுப் போகலாம், பத்து சதவீத டிப் என்ற கணக்கெல்லாம் இங்கே இல்லை. அட்டை பெரும்பாலும் செல்லும், பழைய கடைகளுக்காகக் கொஞ்சம் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே மேசையில் உட்கார்ந்தால் விலை சற்றுக் கூடுதலாக இருக்கலாம், பலகையில் எழுதியிருப்பார்கள்.

கிளாஸில் என்ன

உள்ளூர் பீர் அல்ஹம்ப்ரா. 1925-இல் இதே ஊரில் தொடங்கிய கம்பெனி. லேபிள் ஒட்டாத பச்சைப் பாட்டிலில் வரும் ‘ரெசெர்வா’ அதன் கனமான வகை. குழாய் பீரைவிட ஆல்கஹால் அதிகம், அதனால் ஒன்றோடு நிறுத்துவது நல்லது. கோடையில் சிவப்பு ஒயினையும் எலுமிச்சைச் சோடாவையும் ஐஸ் போட்டுக் கலக்கும் ‘தின்தோ தே வெரானோ’ கேளுங்கள். பழத்துண்டு போட்ட ஒயினான சங்கிரியா வெளியூர்க்காரர்களைக் குறிவைத்துப் பெரிய கூஜாவில் விற்கப்படுகிறது, பக்கத்து மேசையில் இருக்கும் ஸ்பானியர்கள் குடிப்பது தின்தோதான். பீரின் கசப்பு பிடிக்காதவர்களுக்கு எலுமிச்சைச் சோடா கலந்த ‘கிளாரா’ இருக்கிறது.

பிளாசா நுவேவா சதுக்கத்தின் பக்கத்துச் சந்தில் இருக்கும் போதேகாஸ் கஸ்தான்யேதா, பீப்பாய்கள் அடுக்கி, மேலே பன்றித் தொடைகள் தொங்கும் பழைய பாணிக் கடை. பீப்பாயிலிருந்து நேராக ஊற்றும் வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்) அங்கே நன்றாக இருக்கும். பல மதுக்களைக் கலந்து தரும் ‘கலிகாசாஸ்’ என்ற ஒன்றும் உண்டு. இனிப்பாக இறங்கும், பிறகு வேலையைக் காட்டும். ஒயினில் ஆர்வம் இருந்தால் ரியலேஹோ பகுதியின் லா தானாவுக்குப் போங்கள். உங்களுக்குப் பிடித்த சுவையைச் சொன்னால் அதற்கேற்பப் பாட்டில் திறப்பார்கள். இடம் குறுகல், சீக்கிரம் போக வேண்டும்.

சைவர்கள் கவனத்துக்கு

இதை நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தட்டை முடிவு செய்வது நீங்கள் இல்லை. ‘சோய் வெஹெத்தாரியானோ’ (பெண்கள் ‘வெஹெத்தாரியானா’) என்று சொன்னால் மட்டும் போதாது. மீனும், பொடியாக நறுக்கிப் போட்ட பன்றியிறைச்சியும் இறைச்சிக் கணக்கில் வராது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹாமோன்’ என்று மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள்: இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், ஹாம் இல்லாமல். முதல் கிளாஸ் கேட்கும்போதே சொல்ல வேண்டும், தட்டு வந்தபின் திருப்பி அனுப்புவது இரு பக்கமும் சங்கடம்.

கிடைப்பவை குறைவில்லை. கத்தரிக்காயை மெல்லிசாக அரிந்து பொரித்து, மேலே கரும்புப் பாகு ஊற்றித் தரும் ‘பெரென்ஹேனாஸ் கோன் மியெல்’ இந்த ஊரில் விடக்கூடாத ஒன்று. அரபியர் காலத்தில் இந்தக் கடற்கரைக்கு வந்த கரும்பின் பாகு அது, மியெல் என்றாலும் தேன் இல்லை. குடமிளகாயும் வெங்காயமும் போட்டு ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வதக்கும் உருளைக்கிழங்குக்குப் ‘பாப்பாஸ் அ லோ போப்ரே’ என்று பெயர். காய்கறிகளை வதக்கிக் குழைத்த ‘பிஸ்தோ’வும் உண்டு. முட்டை சாப்பிடுபவர்களுக்கு உருளைக்கிழங்கு ஆம்லெட்டான ‘தோர்த்தியா’ எங்கும் கிடைக்கும். ஆனால் ‘தோர்த்தியா தெல் சாக்ரோமோந்தே’ என்று பலகையில் பார்த்தால் நின்று யோசியுங்கள்: அதில் மூளையும் விதைப்பையும் சேரும். ஆம்லெட்தானே என்று சொல்லி வாங்கும் சைவர்களின் முகம் எப்படி மாறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குளிர்ந்த கெட்டித் தக்காளிச் சூப்பான ‘சால்மோரெஹோ’ மேல் ஹாம் துருவல் தூவுவார்கள், வேண்டாமென்று முன்பே சொல்லுங்கள். ‘ஹாபாஸ் கோன் ஹாமோன்’ பார்க்க அவரைப் பருப்புக் கூட்டு மாதிரி இருக்கும், பெயரிலேயே ஹாம் இருக்கிறது.

மீன் சாப்பிடுபவர்களுக்கு இது சொர்க்கம். கடல் தூரமில்லை. நெத்திலி, கணவாய், இறால் எல்லாம் மாவில் புரட்டிப் பொரித்துச் சுடச்சுட வரும். காயே நாவாஸ் தெருவில் 1942 முதல் இருக்கும் லோஸ் தியமாந்தேஸ் இதற்குப் பேர்போன கடை. அங்கே உட்கார இடம் தேடாதீர்கள்.

எந்தத் தெருவுக்குப் போவது

நகராட்சி அலுவலகத்தை ஒட்டிய காயே நாவாஸ் எல்லா வழிகாட்டிகளிலும் முதலில் இருக்கும். தெரு முழுக்கப் பார்கள், வாசலில் நின்று கூப்பிடும் ஆட்கள், வார இறுதியில் கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டம் என்று வேஷம் கட்டி வரும் கும்பல்கள். ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் தள்ளி ரியலேஹோவுக்கு நடந்துவிடுங்கள்.

ரியலேஹோ ஒரு காலத்தில் யூதர் குடியிருப்பு. காம்போ தெல் பிரின்சிபே என்ற பெரிய சதுக்கம், அதைச் சுற்றி மேசைகள், நடுவே விளையாடும் பிள்ளைகள், சந்துச் சுவர்களில் எல் நின்யோ தே லாஸ் பிந்தூராஸ் என்ற பெயரில் வரையும் உள்ளூர் ஓவியரின் பெரிய படங்கள். இங்கே பக்கத்து மேசையில் ஸ்பானியம் கேட்கும். மேலே ஏறினால் தி கிளாஷ் இசைக்குழுவின் ஜோ ஸ்டிரம்மர் பெயரில் ஒரு சின்னச் சதுக்கம் இருக்கிறது. அவருக்கு இந்த ஊர் மேல் அப்படியொரு பாசம், இங்குள்ள 091 என்ற ராக் குழுவின் ஆல்பத்தைத் தயாரித்துக்கூடக் கொடுத்தார். 2013-இல் நகரம் அவர் பெயரை வைத்தது. முதல் இரவுக்கு நான் ரியலேஹோவைத்தான் சொல்வேன்.

இரண்டாவது இரவு அல்பைசினுக்கு. அல்ஹம்ப்ராவுக்கு எதிர்க் குன்றில் உள்ள பழைய முஸ்லிம் குடியிருப்பு, 1994 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. சூரியன் இறங்கும்போது சான் நிக்கோலாஸ் முகப்புத் திடலில் நின்று அரண்மனை சிவப்பதைப் பாருங்கள், கூட்டம் இருக்கும், பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் பிளாசா லார்கா, பிளாசா அலியத்தார் பக்கம் இறங்கி இரண்டு கிளாஸ். நத்தை சாப்பிடத் துணிவு இருந்தால் அலியத்தாரில் அதற்கென்றே ஒரு கடை உண்டு. கூழாங்கல் பதித்த சரிவுத் தெருக்கள், ஈரத்தில் வழுக்கும். குதிகால் செருப்பை அறையிலேயே விட்டுவிடுங்கள். ஏற முடியாதவர்களுக்குப் பிளாசா நுவேவாவிலிருந்து சின்னச் சிவப்புப் பேருந்து போகிறது, அல்பைசினுக்கு சி31, சாக்ரோமோந்தேவுக்கு சி34. இரவில் சீக்கிரம் நின்றுவிடும் என்பதால் கடைசி வண்டி நேரத்தை நிறுத்தத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மது வாசனையே வேண்டாம் என்பவர்களுக்குக் கல்தெரெரியா நுவேவா தெரு. மொரோக்கோ பாணித் தேநீர் விடுதிகள் வரிசையாக இருக்கும். தாழ்வான மேசை, விளக்கு, புதினாத் தேநீர், பாதாம் இனிப்பு. நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருக்கலாம்.

குகைக்குள் ஃபிளமென்கோ

சாக்ரோமோந்தே மலைச்சரிவில் ரோமா மக்கள் (ஜிப்சிகள்) தலைமுறைகளாகக் குடைந்து வாழ்ந்த வெள்ளையடித்த குகைகள் இருக்கின்றன. அவர்களின் கல்யாணச் சடங்கோடு சேர்ந்த ஃபிளமென்கோ (தெற்கு ஸ்பெயினின் பாட்டும் ஆட்டமும்) வகையான ‘சாம்ப்ரா’ இங்கே பிறந்தது. இரண்டு சுவரோரமும் நாற்காலி போட்டு, நடுவே உள்ள குறுகிய இடத்தில் ஆடுவார்கள், ஆடுபவரின் பாவாடை நம் முழங்காலில் படும். மாரியா லா கனஸ்தேரா, லா ரோசியோ போன்றவை பழம்பெரும் குகைகள். டிக்கெட்டோடு பெரும்பாலும் ஒரு பானம் சேர்ந்திருக்கும். சுற்றுலாவுக்கான நிகழ்ச்சிதான் என்றாலும் இவர்கள் பரம்பரைக் கலைஞர்கள். ஓட்டலிலிருந்து கூட்டிப்போகும் தொகுப்பு வாங்காமல் குகையிலேயே நேராகப் பதிவு செய்தால் மலிவு.

கூச்சல் குறைவாக, பாட்டுக்கு முக்கியத்துவம் தரும் இடம் வேண்டுமென்றால், அல்பைசினில் 1949-இல் தொடங்கிய பென்யா லா பிளாத்தேரியா என்ற ரசிகர் சங்கத்தில் வெளியாருக்கு எப்போது அனுமதி என்று விசாரியுங்கள். பாடும்போது பேசக் கூடாது. தாளம் தெரியாமல் கைதட்டவும் கூடாது, ‘ஓலே’ போதும்.

நள்ளிரவுக்குப் பிறகு

1531-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இந்த ஊரின் உயிர்நாடி. ஐரோப்பா முழுவதிலிருந்தும் பரிமாற்ற மாணவர்கள் வந்து குவிகிறார்கள். அதனால் வியாழக்கிழமை இரவே வார இறுதி தொடங்கிவிடும். மாணவர் கூட்டம் வேண்டுமென்றால் பெத்ரோ அந்தோனியோ தே அலர்கோன் தெரு. கொஞ்சம் ராக், கொஞ்சம் இருட்டு என்றால் காயே எல்விராவும் அதன் சந்துகளும். மேடை இசைக்கு பிளாந்தா பாஹா, 1980-களிலிருந்து உள்ளூர்க் குழுக்கள் வளர்ந்த இடம்.

சாதாரண பார்கள் இரண்டு மணிவாக்கில் மூடும், இசை பார்கள் மூன்றுக்கு, டிஸ்கோக்கள் விடியும் வரை. வெள்ளி, சனியில் இன்னும் ஒரு மணி நேரம் கூடும். இரண்டு மணிக்கு முன் டிஸ்கோவுக்குப் போனால் தரையைத்தான் பார்க்க முடியும். தெருவில் சீட்டு கொடுத்து ‘இலவச ஷாட்’ என்று கூப்பிடுபவர்களைப் பின்தொடர வேண்டியதில்லை. ஜின் டானிக் கேட்டால் அளவுக் கிண்ணம் இல்லாமல் கையாலேயே ஊற்றுவார்கள், நாம் வழக்கமாக நினைக்கும் ஒன்று அங்கே இரண்டுக்குச் சமம்.

தெருவில் பாட்டில் வைத்துக் குடிப்பது ஆண்டலூசியாவில் 2006 சட்டப்படி தவறு, அபராதம் உண்டு. திடல்களில் பலர் குடிப்பதைப் பார்த்து நீங்களும் தொடங்க வேண்டாம். அல்பைசின் சந்துகளில் கிசுகிசுப்புகூட எதிரொலிக்கும், வீடுகளில் ஆட்கள் தூங்குகிறார்கள். கதீட்ரல் பக்கம் ரோஸ்மேரிக் கொத்தைக் கையில் திணிக்க வரும் பெண்களிடம் கையை நீட்டாதீர்கள்: வாங்கினால் ரேகை பார்ப்பார்கள், பார்த்தால் பணம் கேட்பார்கள். ‘நோ, கிராசியாஸ்’ சொல்லி நடந்துவிடுங்கள். இரண்டு மணிக்கு மேல் அல்பைசினின் மேல்சந்துகளிலும் சான் மிகேல் குன்றிலும் தனியாக நடக்காமல் டாக்சி எடுங்கள். வெள்ளை வண்டி, மேலே பச்சை விளக்கு எரிந்தால் காலி. சொந்த வண்டியில் வந்திருந்தால் தொடவே வேண்டாம். பழைய ஊருக்குள் போகும் தெருக்களைக் கேமரா கண்காணிக்கிறது. அவசரத்துக்கு 112.

விடியற்காலை பசித்தால் பிளாசா மரியானா பினேதாவில் உள்ள கஃபே ஃபுத்போலில் சுர்ரோவும் (மாவைப் பிழிந்து பொரித்த பலகாரம்) கெட்டியான சூடான சாக்லேட்டும். திறக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் பயணத்துக்கு முன்பே செய்யுங்கள். அல்ஹம்ப்ராவுக்குள் நஸ்ரித் மன்னர்களின் அரண்மனைகளுக்கு நுழையும் நேரம் டிக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும், தாமதமாகப் போனால் விட மாட்டார்கள். வெள்ளியோ சனியோ இரவு வெளியே போவதாக இருந்தால், மறுநாள் டிக்கெட்டை மதியத்துக்கு மேல் பாருங்கள்.